மிஸியக்காவும் டொக்டர் ஐயாவும்

கரடியனாறு என்றால் வெளியூர்க்காரருக்கு 2010 செப்டெம்பர் 17 தான் ஞாபகம் வரும். வீதி வேலைக்கென்று பொலிஸ் நிலைய வளவில் வைத்திருந்த வெடிமருந்துக் கொள்கலன்கள் வெடித்து, சீனர் இருவர் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போன நாள் அது. உலகச் செய்தியில் எங்கள் ஊர்ப் பெயர் வந்ததும் அன்றைக்குத்தான். எனக்கோ ஊர்ப் பெயரைக் கேட்டவுடன் வருவது ஊதா நிறம். முழங்கால் சிராய்ப்பு, வாய்ப்புண், சிரங்கு எதுவானாலும் மிஸியக்கா பஞ்சில் தோய்த்துப் பூசிவிடும் ஜென்சியன் வயலட். பள்ளிக்கூடத்துக் காலைப் பிரார்த்தனையில் குனிந்து பார்த்தால் பாதிப் பேரின் கால் ஊதாவாகத்தான் இருக்கும்.

செங்கலடியில் பதுளை வீதிக்குத் திரும்பி, கறுத்தப் பாலம் தாண்டி, இலுப்படிச்சேனை கழிய எங்கள் ஊர். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, பொழுது படுகிற பக்கம் என்பதால் படுவான்கரை. வயலும் மாட்டுப் பட்டியும் யானையும் எங்கள் பக்கம். பெரிய பள்ளிக்கூடங்களும் கந்தோர்களும் கரண்டும் எழுவான்கரையில். தொண்ணூறுகளின் பிற்பாதியில் பாலத்துக்கு இந்தப் பக்கம் புலிகள் இயக்கம், அந்தப் பக்கம் ஆமி. பகலில் பாதை திறக்கும், பொழுதுபட்டால் மூடும். மண்ணெண்ணெய், பற்றரி, மருந்து எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. இப்படிப்பட்ட இடத்தில் டொக்டர் ஒருவர் வந்து தங்கியிருப்பது லேசான காரியம் இல்லை. எங்களுக்கு ஆசுபத்திரி என்றால் ஒரு விறாந்தை, இரண்டு அறை, துருப்பிடித்த கட்டில்கள், மருந்து கொடுக்கும் சின்ன யன்னல். யன்னலுக்கு உள்ளே மிஸியக்கா.

அவரைப் பற்றி ஊருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பக்கத்து ஊர் வட்டைவிதானையின் இரண்டாவது மகள். மட்டக்களப்பில் மூன்று வருஷம் தாதியர் பயிற்சி எடுத்தவர். தகப்பனுக்கு எத்தனை ஏக்கர் வயல், அதில் எத்தனை ஏக்கர் மூத்தவளுக்குச் சீதனமாகப் போனது, மிச்சம் எவ்வளவு, இவருக்கு ஏன் இன்னும் கலியாணம் சரிவரவில்லை என்பதெல்லாம் மருந்துக்கு நிற்கிற வரிசையிலேயே அலசப்படும். யன்னலுக்கு உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படியாகவே அலசுவார்கள். கிழவிமார் அவரைப் "புள்ள" என்பார்கள், ஆம்பிளைகள் "மிஸி" என்பார்கள், நாங்கள் மிஸியக்கா என்போம். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவர் குவாட்டஸ் கதவைத்தான் தட்டுவார்கள். தட்டித் திறக்கச் சுணங்கினால் அடுத்த நாள் அதுவும் வரிசையில் பேச்சாகும்.

டொக்டர் ஐயாவைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. பாதை நல்லபடி இருந்தால் வாரத்தில் ஒரு நாள், செஞ்சிலுவைக் கொடி கட்டிய வெள்ளை வாகனத்தில் நடமாடும் கிளினிக்கோடு வருவார். வருகிறவர் ஒவ்வொரு மாதமும் ஒரே ஆளாக இருந்ததும் இல்லை. யாழ்ப்பாணமா, கொழும்பா, கலியாணம் கட்டியவரா, என்ன சாப்பிடுவார் என்று ஒரு தகவலும் இல்லை. தெரியாத அளவுக்கு அவர் உயர்ந்துகொண்டே போனார். உள்ளூர் மாடு விலைபோகாது என்பது எங்கள் பக்கம் மாட்டுக்கு மட்டும் சொல்லும் பேச்சில்லை.

கிளினிக் நாள் ஊருக்கு ஒரு சின்னத் திருவிழா. என் பெத்தா முதல் நாள் இரவே வெள்ளைச் சேலையை மடித்துத் தலையணைக்குக் கீழ் வைத்துவிடுவா. எங்களுக்குத் தலை முழுக்கு. மற்ற நாளில் மிஸியக்காவிடம் போகும்போது சேறு காயாத காலோடு போகலாம். டொக்டர் ஐயாவிடம் அப்படிப் போக முடியுமா? வரிசையில் நிற்கும்போது வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளிக்கச் சொல்லிப் பெரியவர்களே பெரியவர்களை அதட்டுவார்கள்.

பெத்தாவுக்கு முழங்கால் நோவு. மிஸியக்கா கொடுத்த குளிசை சரிப்படவில்லை என்பது அவவின் தீராத முறைப்பாடு. "குழாய் வைச்சுப் பார்க்காமக் குடுக்கிற மருந்து எப்பிடி மனே கேக்கும்?" என்பா. முழங்கால் நோவுக்குக் குழாய் எதற்கு என்று கேட்க எனக்கு அப்போது தெரியாது. டொக்டர் ஐயா நெஞ்சில் ஒரு தரம், முதுகில் இரண்டு தரம் குழாயை வைத்து, "மூச்ச இழுங்க அம்மா" என்று சொல்லி, துண்டில் ஏதோ கிறுக்குவார். துண்டோடு யன்னலுக்குப் போவோம். மிஸியக்கா துண்டைப் பார்ப்பார். போன கிழமை எடுத்த அதே தகரப் பேணியை எடுத்து, அதே வெள்ளைக் குளிசையை எண்ணி, பழைய கொப்பித் தாளில் சரை சுற்றி, "காலையில ஒண்டு, இரவில ஒண்டு, சாப்பிட்டாப் பிறகு" என்று அதே சொல்லையும் சொல்லிக் கொடுப்பார். அன்றைக்கு இரவே நோவு பாதி குறைந்துவிட்டதாகப் பெத்தா அறிவிப்பா. நான் பேணியின் வாயில் இருந்த நெளிவை இரண்டு கிழமையும் பார்த்தவன். சொல்லிப் பார்த்தேன். "நீ சும்மா இரி. அது டொக்டர் எழுதின குளிசை" என்று முடித்துவிட்டா.

ஒரு தடவை கிளினிக்குக்கு ஒரு பெண் டொக்டர் வந்தார். இளம் ஆள், சேலை கட்டியிருந்தார். கூடவே வாட்டசாட்டமான, மீசை வைத்த, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். சனம் முழுவதும் அவரைச் சுற்றிக்கொண்டது. பெத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டு தன் முழங்காலின் வரலாறு முழுவதையும் ஒப்புவித்தா. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் நேர்ஸ் அம்மா, டொக்டர் அங்க இருக்கிறா" என்று மேசைப் பக்கம் காட்டினார். பெத்தா மேசைப் பக்கம் பார்த்தா, இந்தப் பக்கம் பார்த்தா. "பரவாயில்ல ஐயா, நீங்களே பாருங்க" என்றா. உலகத்தில் உள்ள 2 கோடியே 79 லட்சம் தாதியரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 இல் அறிக்கை போட்டபோது எனக்குப் பெத்தாவின் அந்தப் பார்வைதான் நினைவுக்கு வந்தது. ஊர் மரியாதை கொடுப்பதற்கு முன் படிப்பைப் பார்க்கவில்லை, மீசையைப் பார்த்தது.

காய்ச்சல் காலம் என்று ஒன்று இருந்தது. மாரி முடிந்து குளம் குட்டைகளில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது மலேரியா வரும். பின்னேரம் ஆனதும் குளிர் பிடித்து, மூன்று சாக்குப் போர்த்தாலும் கட்டில் ஆடும். மிஸியக்கா விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் ஒரு துளியைத் தடவிக் காய வைப்பார். தகடு பாலம் தாண்டிப் போய் முடிவு திரும்பி வருவதற்குள் காய்ச்சலே முடிந்துவிடும். ஆகவே நடுக்கத்தைப் பார்த்தே குளோரோகுயின் தொடங்குவார். அப்படி ஒரு கசப்பை நான் பிறகு எங்கும் சந்தித்ததில்லை. முழுங்கிய மாதிரிக் காட்டிவிட்டு நாக்குக்குக் கீழ் வைத்துக்கொண்டு போய்த் துப்புவது எங்கள் வித்தை. அவருக்கு அது தெரியும். "ஆ காட்டு. நாக்கத் தூக்கு" என்பார். தூக்கினால் பிடிபடுவோம். இலங்கையில் உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் நாடு மலேரியா அற்றது என்று சான்றிதழ் கிடைத்தது. அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் சுவருக்கு மருந்தடித்தவர்கள், இரத்தம் எடுத்தவர்கள், எங்களைப் போன்ற களவாணிகளை நாக்கைத் தூக்க வைத்தவர்கள் என்று பெரிய பட்டாளமே இருக்கிறது.

அப்பாவைப் பாம்பு தீண்டியது வெள்ளாமை வெட்டு நேரம். விடியப்புறம் வரம்பில் நடந்தவர் முத்திரைப் புடையனை மிதித்துவிட்டார். சித்தப்பா கயிற்றால் முழங்காலுக்குக் கீழ் இறுக்கிக் கட்டி, பரிகாரியாரிடம் கொண்டுபோகத்தான் உழவு இயந்திரத்தைக் கிளப்பினார். அம்மா அடம்பிடித்து ஆசுபத்திரிக்குத் திருப்பினா. மிஸியக்கா காலைப் பார்த்தார். முதலில் செய்த வேலை கயிற்றைத் தளர்த்தியது. சித்தப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "நேத்துப் பொறந்த புள்ள, உனக்கென்ன தெரியும் பாம்புக் கடியப் பத்தி?" என்று கத்தினார். மிஸியக்கா நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "இந்தக் கட்டு இருந்தா கால் போகும் சித்தப்பா" என்றார். ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ முறைதானே. ஒரு பலகையை வைத்துக் காலை அசையாமல் கட்டி, அப்பாவை நடக்கவே விடாமல் படுக்க வைத்தார்.

பிறகு கையில் இருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து, கழுவிக் காய வைத்த ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டு, யன்னல் படியில் வைத்தார். "ஒருத்தரும் தொடப்பிடா" என்றார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே கடிதம் எழுதினார். எனக்கு அந்த இருபது நிமிஷமும் போத்தலைக் காவல் காக்கிற வேலை. இருபது நிமிஷம் முடிய எடுத்துச் சரித்தார். இரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. உறைந்திருக்க வேண்டும், உறையாவிட்டால் இரத்தத்தை உறைய வைக்கும் பொருட்களை விஷம் தின்று தீர்த்துவிட்டது என்று அர்த்தம். இதை நான் பின்னாளில்தான் விளங்கிக்கொண்டேன். அப்போது கண்டது அவர் முகம் மாறியதை மட்டும். "விஷமுறி மருந்து இஞ்ச இல்ல. பெரியாசுபத்திரிக்குப் போகோணும். நானும் வாறன்" என்றார்.

கறுத்தப் பாலத்தில் உழவு இயந்திரத்தை விட்டு இறங்க வேண்டும், நடக்க வேண்டும், அடையாள அட்டை காட்ட வேண்டும். நடக்கக்கூடாதவரை எப்படி நடத்துவது? மிஸியக்கா வெள்ளைச் சீருடையோடு முன்னால் போய், பயிற்சிக் காலத்தில் பழகிய சிங்களத்தில் காவல் நின்ற ஆமிக்காரனோடு பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. அவன் துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டு, அப்பா கிடந்த சாக்குக் கட்டிலின் ஒரு முனையைத் தானே பிடித்தான். அந்த வெள்ளைச் சட்டைக்கு ஆமியிடம் கிடைத்த மரியாதை ஊர்ச் சனத்திடம் கிடைத்து நான் கண்டதில்லை.

மட்டக்களப்புப் பெரியாசுபத்திரியில் டொக்டர் ஓடித்தான் வந்தார். கடிதத்தை வாசித்தார், முரசைப் பார்த்தார், கண்மடலைத் தூக்கிப் பார்த்தார். எங்கள் நாட்டுப் புடையன் இரத்தத்தோடு நிற்காது, நரம்பையும் பிடிக்கும். அப்பாவின் கண்மடல் அதற்குள் சொருகத் தொடங்கிவிட்டது. "தொடங்குங்க" என்று ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் பல வருஷப் படிப்பு இருக்கிறது. அதைச் சொல்லும் அதிகாரமும் பொறுப்பும் அவருடையது. பிழையாகப் போனால் பழியும் அவருடையது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கேயும் உயிர்தான் கிடந்தது.

அதற்குப் பிறகு வாட்டு நேர்ஸ் ஒருவர் பத்துச் சின்னக் குப்பிகளைத் தட்டில் கொண்டு வந்தார். இந்தியாவில் செய்த விஷமுறி மருந்து, உள்ளே வெள்ளைத் தூள். ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் ஏற்றிக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும், அதனால் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெல்ல மெல்ல உருட்டுவார். ஒன்று கரைய ஏகப்பட்ட நேரம். உருட்டிக்கொண்டே அப்பாவைப் பார்ப்பார், அப்பாவைப் பார்த்துக்கொண்டே அடுத்த குப்பியை எடுப்பார். சேலைனோடு சேர்த்து ஏற்றத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அப்பாவின் உடம்பெல்லாம் தடித்து, நடுக்கம் எடுத்து, மூச்சு இழுத்தது. அம்மா குழறிவிட்டா. நேர்ஸ் சேலைனை நிறுத்தியதும், முன்கூட்டியே நிரப்பித் தட்டில் வைத்திருந்த ஊசியைப் போட்டதும் அம்மா குழறி முடிவதற்குள் நடந்துவிட்டது. மருந்தே ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஊசி அதற்காகத்தான் அங்கே காத்திருந்தது. மூச்சு சமநிலைக்கு வர, சேலைன் திரும்ப ஓடியது, முன்னையைவிட மெதுவாக.

இரவு முழுவதும் அவர் வந்துகொண்டே இருந்தார். இரத்தத்தைத் திரும்பவும் போத்தலில் விட்டு வைத்தார். சிறுநீரை அளந்து எழுதினார், ஏனென்றால் புடையன் சிறுநீரகத்தையும் விடாது. "அண்ணன், கண்ணத் திறவுங்க. என்ட விரலப் பாருங்க. நாக்க நீட்டுங்க" என்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுப்பினார். மிஸியக்கா பொழுதுபடு முன்னம் பாலத்தைத் தாண்டவேண்டும் என்று மத்தியானமே திரும்பிவிட்டார். மறுகா என்ன, அப்பா பிழைத்தார்.

வீட்டுக்கு வந்து நடக்கத் தொடங்கியதும் அப்பா செய்த முதல் வேலை, சட்டியில் உறைபோட்ட எருமைத் தயிரும் ஒரு சாக்குப் பச்சை அரிசியும் கட்டிக்கொண்டு பாலம் தாண்டி டொக்டர் ஐயாவைப் பார்க்கப் போனது. கும்பிட்டு விழுந்தாராம். ஊர் முழுவதும் அந்தக் கதையைச் சொன்னார். மிஸியக்காவுக்கு? "அவ எங்கட புள்ளதானே" என்றார். எங்கட பிள்ளைக்கு எதற்கு நன்றி? இதில் அன்பும் இருந்தது, சும்மா கிடைப்பதற்கு விலை போட மறுக்கும் கள்ளத்தனமும் இருந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க எனக்கு இன்றைக்கும் முடியவில்லை.

அதே காலத்தில்தான் மிஸியக்காவுக்கு வந்த ஒரு சம்பந்தம் குழம்பியது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று: இரவு டியூட்டி பார்க்கிற வேலையை விடவேண்டும். ஆம்பிளை நோயாளியைத் தொட்டுக் கழுவித் துடைக்கிற கை என்பதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. பெத்தாவும் மாப்பிள்ளை வீட்டார் பக்கம்தான். எழுவான்கரைச் சித்தி வீட்டு டீவியில் ஒரு முறை ‘பாலும் பழமும்’ பார்த்தோம், 1961 இல் வந்த படம். சிவாஜி டொக்டர், சரோஜாதேவி நேர்ஸ். பெத்தா அழுது தீர்த்தா. நேர்ஸ் வேலைக்காக அழவில்லை. டொக்டரின் பெண்சாதிக்காக அழுதா. சரோஜாதேவி நேர்ஸாகவே இருந்து ஓய்வூதியம் எடுத்திருந்தால் அந்தப் படத்தை யார் பார்த்திருப்பார்கள்? மிஸியக்கா வேலையை விடவில்லை. சம்பந்தம் போனது.

பெரியவனான பிறகு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கொலைகளைப் பற்றி வாசித்தேன். 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். இந்திய அமைதிப்படை உள்ளே புகுந்து சுட்டதில் நோயாளிகளோடு ஊழியர்கள் 21 பேரும் இறந்தார்கள். மறுநாள் காலை குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரம், நாங்கள் வைத்தியரும் தாதியரும்தான் என்று உரத்துச் சொல்லிக்கொண்டு கைகளை உயர்த்தியபடி வெளியே வந்து சுடப்பட்டு இறந்தார். பெரிய மனிதர், நினைக்கப்படவேண்டியவர். அவரோடு கைகளை உயர்த்திக்கொண்டு மூன்று தாதியரும் நடந்தார்கள். நான் வாசித்த இடங்களில் அவர்கள் ‘மூன்று தாதியர்’. அதே நடைபாதை, அதே துப்பாக்கிக்கு முன்னால்தான் அவர்களும் போனார்கள். படுவான்கரையில் எங்கள் மிஸியின் பெயர், பரம்பரை, சீதனக் கணக்கு எல்லாம் எல்லாருடைய வாயிலும் கிடந்தது. அங்கே எழுத்தில் ஒரு பெயரும் இல்லை.

இப்போது பாலத்தில் ஒருவரும் இறங்கி நடப்பதில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வைத்தியமும் தாதியியலும் ஒரே பீடத்தில் படிப்பிக்கிறார்கள். தங்கையின் மகள் அங்கே தாதியியல் படிக்கிறாள். ஊரில் "எங்க படிக்கிறாய் மகள்?" என்று கேட்கிறவர்கள் பீடத்தின் பெயரைக் கேட்டதும் "டொக்டருக்கா!" என்று மலர்வதும், இல்லை என்றதும் "அதுவும் நல்லதுதான், உடன வேலை கிடைக்கும்" என்று ஆறுதல் சொல்வதும் அவளுக்குப் பழகிவிட்டது. சம்பந்தக்காரர் மட்டும் மாறிவிட்டார்கள். அரசாங்க உத்தியோகம், வெளிநாட்டு வாய்ப்பு என்று இரவு டியூட்டியைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை.

போன வருஷம் அவள் விடுமுறைக்கு வந்திருந்தபோது அப்பா திண்ணையில் இருந்து புடையன் கதையைத் தொடங்கினார். டொக்டர் ஐயாவின் உயரம், சிவந்த நிறம், சுருட்டை முடி, மூக்குக் கண்ணாடி எல்லாம் விலாவாரியாக வந்தது. அன்றைக்கு இவருக்குக் கண்மடல் திறக்கவே இல்லை, எதைப் பார்த்தார் என்று அம்மா குசினிக்குள் இருந்து கேட்டா. அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"டொக்டர் தங்கமான மனுசன். ஆனா அந்த வாட்டில ஒரு நேர்ஸ் இருந்தா பாருங்க, சரியான கரைச்சல். ஒரு இரவு முழுக்க மனுசன நித்திரை கொள்ள விடல்ல. கண்ணத் திற, நாக்க நீட்டு, விரலப் பார்..."

"எத்தின மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழுப்பினவ அம்மப்பா?" என்று கேட்டாள் மருமகள்.

"மணித்தியாலத்துக்கு ஒருக்கா. விடியுமட்டும்."

"ரத்தம்?"

"அதுவும் திரும்பத் திரும்பக் குத்தி எடுத்தவ."

"போத்தல்ல விட்டு வைச்சவவா?"

"ஓம் ஓம்" என்று குசினியில் இருந்து அம்மா சொன்னா.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரியாத்தான் செய்திருக்கிறா" என்றாள்.